மழை படாத சுமைக்காரன்

போன மாதம் அச்சகத்துப் பிள்ளைகள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டு திவ்யா ஒரு பொத்தானை அமுக்குகிறாள். படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கீறல்கள் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. "ருக்குக்கா, நீங்கல்லாம் இதுக்கு எத்தன நாள் ஒக்காந்தீங்க?" என்று கேட்டு, கீழே சிரிக்கிற பொம்மை முகங்களை வரிசையாக வைத்திருந்தாள். கழுத்து நோக வேலை செய்தவளைக் கேலி பண்ண இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்? "எடுக்கறதுக்கு முன்னாடி அது கீறல்தானான்னு அந்த மிஷின் யாரையாச்சும் கேக்குதாடி?" என்று பதில் போட்டேன். அதுக்கே எல்லாம் தெரியும்க்கா என்றாள்.

எல்லாம் தெரியும் என்று நாங்களும்தான் நினைத்திருந்தோம். ஓய்வு பெற்ற அன்று மாலையைப் போட்டுவிட்டு, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போன ஐப்பசியில் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நிற்காமல் இருந்திருந்தால் இப்போதும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நான் கல்லாவி ஊர்க்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ஒரு கலர் படத்தை அச்சடிக்க வேண்டுமென்றால், மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று நாலு ஃபிலிம் எடுப்பார்கள். அந்த ஃபிலிமில் தூசி இருக்கும், மயிர் விழுந்திருக்கும், கீறல் இருக்கும். கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிற மேஜையில் ஃபிலிமைப் பரப்பி, வேண்டாத கறுப்பை பிளேடு முனையால் சுரண்டி எடுப்பதும், விட்டுப்போன இடத்தை ஒபேக் என்கிற பழுப்பு மையால் தொட்டு மூடுவதும் எங்கள் வேலை. அதற்கு ரீடச்சிங் என்று பெயர். முதல் வருடம் முழுக்க பிளேடு பிடிக்கத்தான் கற்றுக்கொண்டேன். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது காசிம் பாயைப்பற்றி. எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைமை. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஒன்றே ஒன்று: நிற்கிற கோடு படம், நிற்காத கோடு கீறல். ஒரு வீட்டின் கூரையை வரைந்த கோடு கூரை முடிகிற இடத்தில் நிற்கும். மனிதனை வரைந்த கோடு மனிதனோடு நிற்கும். கீறலுக்கு அந்த மரியாதை கிடையாது. அது கூரை மேலும் ஓடும், மனிதன் மேலும் ஓடும், மலை மேலும் ஓடும். எந்தக் கோடு எதையும் மதிக்காமல் ஓடுகிறதோ அதைச் சுரண்டி எடுத்துவிடு என்பார். ஒரு நாளும் இந்தச் சூத்திரம் பொய்த்ததில்லை.

யாரையும் அவர் திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலை. நாம் ஒரு தப்பை விட்டுவிட்டால், அச்சடித்த தாளைக் கொண்டுவந்து நம் மேஜையில் விரிப்பார். பித்தளை வளையம் போட்ட லென்ஸ் ஒன்று வைத்திருந்தார். அதைத் தப்பு இருக்கிற இடத்தின் மேல் வைப்பார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நாம் குனிந்து பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடந்துபோய் அவர் கையில் கொடுக்கவேண்டும். அந்த நடை இருக்கிறதே, பிரம்படி எவ்வளவோ மேல். ஆனால் லென்ஸை வாங்கிக்கொண்டதும், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அப்புறம் எந்த ஜென்மத்திலும் அந்தத் தப்பைப்பற்றி அவர் வாயிலிருந்து வராது. பல தடவை நான் நடந்திருக்கிறேன். பல தடவை சாப்பிட்டேன் பாய் என்று சொல்லிவிட்டுப் போய் பாத்ரூமில் அழுதிருக்கிறேன்.

பாய்க்கு ஒரே மகன், சாதிக். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். சோறாக்கிப் போட்டு, சட்டை துவைத்துப் போட்டு, பாயேதான் வளர்த்தார். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை என்று எங்கள் பிரிவுக்கே அழைத்துவந்தார். பையனுக்கு என்ன கண் என்கிறீர்கள்! நாங்கள் லென்ஸ் வைத்துத் தேடுவதை அவன் நின்றவாக்கில் காட்டுவான். அத்தாவைப் போலவே நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைப்பான். அவர் வந்துவிட்டால் பூனைதான்.

ஒரு மாம்பழ சீசனில் கூழ் டப்பாவுக்கான லேபிள் வேலை அவன் கைக்குப் போனது. மாம்பழத்தின் மேல் விழுந்திருந்த ஒரு மயிரை அவன் கவனிக்காமல் விட்டுவிட்டான். லேபிள் முழுக்க அச்சில் ஓடி முடிந்து, கட்டுக் கட்டுகிற இடத்தில்தான் தெரிந்தது. பாய் எல்லோரையும் நடத்துகிற மாதிரித்தான் மகனையும் நடத்தினார். கட்டுப் போடுகிற ஆட்கள், மிஷின்காரர்கள், டெம்போ டிரைவர் எல்லோரும் நின்ற இடத்தில், தாளை விரித்து அந்த மயிரின் மேல் லென்ஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவன் சிரித்தான். சாதிக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். லென்ஸை எடுக்கவில்லை.

வெளியே சரியான மழை. குடையும் இல்லாமல் கேட்டைத் தாண்டி ஹைவே பக்கமாக அவன் நடந்துபோனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீ குடிக்கப் போகிறான், வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். பாய் ஷிப்ட் முடிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அவரே எழுந்துபோய் லென்ஸை எடுத்துவந்தார். செக்போஸ்ட் பக்கம் வடக்கே போகிற லாரி ஒன்றில் பையன் ஏறியதைப் பார்த்ததாக மறுநாள் வாட்ச்மேன் சொன்னார்.

அதற்குப் பிறகு பாய் போகாத லாரி ஷெட் இல்லை. லீவு நாளெல்லாம் நாமக்கல், சங்ககிரி என்று அலைந்தார். தர்காவில் நேர்ந்துகொண்டார். ஒரு தகவலும் இல்லை. அந்த நாளிலிருந்து யாருடைய தப்பின் மேலும் அவர் லென்ஸை வைத்ததில்லை. கண்ணில் பட்ட தப்பைத் தானே உட்கார்ந்து சுரண்டிவிட்டுப் போய்விடுவார். பழைய பாயே பரவாயில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மறுவருடம்தான் ஜப்பான் காலண்டர் வேலை வந்தது. ஓசூரில் ஜப்பான் கூட்டோடு லாரி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே மோரி என்று ஓர் ஆலோசகர் இருந்தார். வேலையாட்கள் போடுகிற அதே சாம்பல் நிறச் சட்டைதான் அவரும் போடுவார். வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு குனிந்து வணக்கம் சொல்வார். நாங்களும் பதிலுக்குக் குனிந்துவிட்டு அவர் போனதும் சிரிப்போம். அவர் தன் தகப்பனார் சேர்த்துவைத்த படங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர்கள் நாட்டின் பழைய பெருவழி ஒன்று, அதில் ஊருக்கு ஊர் இருந்த சத்திரங்கள், போகிற வருகிற ஜனங்கள், எல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். அதிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு.

ராஜா ராணி படமாக இருக்கும் என்று எட்டிப்பார்த்தால், அத்தனையும் நம்மைப்போன்ற ஜனங்கள். சத்திரத்து வாசலில் ஒரு பெண் வாடிக்கைக்காரனின் கையைப் பிடித்து இழுக்கிறாள். நம்ம கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்று சரஸ்வதி சொன்னாள். ஒருவன் செருப்பு அறுந்து உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் மேட்டில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சூளகிரி மேடு ஏறியவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒரு டீக்கடையில் கிழவன் தூங்குகிறான், அடுப்பு எரிகிறது.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மரப்பலகை என்று மோரி சார் அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். பலகையின் மூலையில் தாளை ஒட்டி வைக்க ஒரு வெட்டு இருக்குமாம். நம் மிஷினிலும் நிறம் விலகாமல் இருக்க மூலையில் குறி போடுகிறோமே, அதுவேதான். காசிம் பாய் அதைக் கேட்டு, மகன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்ததை நான் பார்த்தேன். படத்தின் வானத்தில் பதிந்திருக்கிற பலகை மரத்தின் ரேகையை அழுக்கு என்று எடுத்துவிடாதீர்கள் என்றும் மோரி சார் கேட்டுக்கொண்டார். எல்லாப் படத்தையும் அன்று பிரித்துக் காட்ட நேரமில்லை. நேராக பெங்களூருக்கு ஃபிலிம் எடுக்க அனுப்பி, படங்கள் அங்கிருந்தே அவர் வீட்டுக்குப் போய்விட்டன. ஃபிலிம் மட்டும் எங்களிடம் வந்தது.

யாரையும் நம்பாமல் பன்னிரண்டையும் பாயே எடுத்துக்கொண்டார். அதில் ஒன்று ஆற்றங்கரைப் படம். ஓடத்துறை, மூங்கில் தோப்பு, மேட்டுவழி, அதில் ஏழெட்டுப் பேர் குனிந்து ஓடுகிறார்கள். கறுப்பு ஃபிலிமைப் பார்த்தால் மேலிருந்து கீழே சாய்வாகக் கோடு கோடாக ஓடுகிறது. மூங்கில் மேல் ஓடுகிறது, ஆற்றின் மேல் ஓடுகிறது, ஆட்கள் மேல் ஓடுகிறது, எங்கேயும் நிற்கவில்லை. அந்த பெங்களூர்க்காரன் முந்தின வேலையிலும் ஃபிலிமை இப்படித்தான் கீறி அனுப்பி எங்கள் உயிரை எடுத்திருந்தான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக, அடியில் இருக்கிற மூங்கில் இலைக்கு நோகாமல் சுரண்டி எடுத்தார். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. மரத்தின் ரேகையைத் தொடாதே என்று சொன்னார்களே, அதைத் தொடவில்லை. மழையைத் தொடாதே என்று யாராவது சொல்வார்களா?

எங்களுக்கும் உறைக்கவில்லையே! ரெண்டு பேர் குடை பிடித்திருந்தார்கள். நம் ஊரில் வெயிலுக்குத்தானே பொம்பிளைகள் குடை பிடிக்கிறோம், வெயிலாக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எதுக்குடி இப்படி ஓடறாங்க என்று சரஸ்வதி கேட்டதற்கு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க என்று சொல்லி நான்தான் எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

ப்ரூஃப் பார்க்க மோரி சார் வந்தார். மற்ற படங்களுக்கெல்லாம் தலையை ஆட்டினவர், ஆற்றங்கரைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பையிலிருந்து அசல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அது மழை. ஊர் முழுக்க அடித்து ஊற்றுகிற மழை. எங்கள் தாளில் அந்த ஜனங்கள் ஒன்றுமில்லாத ஒன்றுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் எல்லோர் எதிரிலும் பாயைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். மோரி சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேஜையில் இருந்த பாயின் லென்ஸை எடுத்தார். அசல் படத்தில் மழை விழுகிற ஓர் இடத்தின் மேல் வைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியுமே, திரும்பிப் போய்விடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பாயின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். அவரும் கூடவே குனிந்து பார்த்துவிட்டு, "மழே" என்றார். தமிழா கன்னடமா என்று தெரியாத உச்சரிப்பு. ஓசூரில் அப்படித்தானே எல்லோரும் பேசுகிறோம். "ஆமா சார், மழை" என்றார் பாய். எங்கள் எல்லோர் எதிரிலும் அழுதார்.

மேனேஜர் போன பிறகு பாய் என்னிடம் சொன்னார்: "லென்ஸ வெச்சுட்டு அவரு போவலம்மா. பக்கத்துல ஒக்காந்துக்கினாரு. எனக்கு இத்தன வருசமா அது தோணவே இல்லியே."

புதிதாக ஃபிலிம் எடுக்க வழியில்லை. பெங்களூருக்குப் போகிற கர்நாடக எல்லையில் அந்த வாரம் பந்த். ஜூஜுவாடி தாண்டி ஒரு சைக்கிள் போகவில்லை. புதுவருடத்துக்கு முன் காலண்டர் கம்பெனிக்குப் போயாக வேண்டும். அதனால் எடுத்த மழையை நாங்களே திரும்பப் பெய்விப்பது என்று முடிவானது. பழைய அலுமினிய பிளேட்டை மழையின் சாய்வுக்கு வெட்டி ஓர் அளவுகோல் செய்துகொண்டோம். கோடு இழுக்கிற பேனாவில் ஒபேக்கை ஊற்றினோம். ஒபேக் கெட்டியாக இருந்தால் காய்ந்து உதிரும், தண்ணியாக இருந்தால் வெளிச்சம் கசியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும், பாதியில் நின்றால் அந்த இடத்தில் முடிச்சு விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். மோரி சாரும் அசல் படத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் கேரியரிலிருந்து புளிசாதம் சாப்பிட்டார்.

மழையின் கோடுகளை மரத்தில் எப்படிச் செதுக்குவார்கள் என்று அவரைக் கேட்டேன். கோட்டைச் செதுக்குவதில்லையாம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள மரத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, மயிரிழை அளவு மரத்தை மட்டும் விட்டுவைப்பார்களாம். அந்த விட்டுவைத்ததுதான் மழை. அதைக் கேட்டு பாய் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் ஒரு சுமைக்காரப் பையன் உண்டு. கம்பின் இரண்டு முனையிலும் பெட்டி தொங்குகிறது. தோள் வளைந்திருக்கிறது. தலையில் ஒன்றும் இல்லை. முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பியிருப்பான். எல்லோரும் ஓடுகிறார்கள், அவன் மட்டும் நடக்கிறான், ஓடினால் பெட்டி கவிழ்ந்துவிடும் என்றார் மோரி சார். அவன் எங்கே போகிறான் என்று கேளும்மா என்று பாய் என்னிடம் சொன்னார். கேட்டேன். தெரியாது, அடுத்த ஊருக்கு, என்றார் மோரி சார்.

அந்தப் பையன் இருந்த பாகத்தைப் பாய்தான் போட்டார். சரிபார்த்து மூலையில் என் இன்ஷியல் போடவேண்டியது என் பொறுப்பு. லென்ஸை வைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பையனின் தலைக்கு மேலே மழைக்கோடுகள் நின்றுவிட்டன. அவன் காலுக்குக் கீழே மறுபடி ஆரம்பித்தன. அசலில் அவன் மேலும்தான் பெய்கிறது. விட்டுட்டீங்க பாய் என்று பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவன் மேல வேணாம்மா. அவன் நனஞ்சது போதும்."

இன்னொரு தடவை தப்பென்று வந்தால் மேனேஜர் பாயை அந்த நாற்காலியில் வைத்திருக்கமாட்டார். அதைச் சொன்னேன். பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தக் காலண்டரு லாரி ஆபீஸு, ஷெட்டு, ரோட்டோர ஓட்டலுக்கெல்லாம் போவுதும்மா. எங்கயாச்சும் அவன் கண்ணுல படும். கோடு எங்க நிக்குதுன்னு பாக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தந்தான். பாத்தா புரிஞ்சுக்குவான்." நான் இன்ஷியலைப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

மறு ப்ரூஃபில் மோரி சார் சரியாக அந்த இடத்துக்குத்தான் வந்தார். தகப்பனார் வைத்திருந்த படம், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பையன் மேல் விரலை வைத்து, பாயை நிமிர்ந்து பார்த்தார். "மை சன், சார்" என்றார் பாய். மோரி சார் பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குனிந்தார். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மழைப்படம் அடுத்த வருடத்து நவம்பருக்குப் போட்டது. நவம்பர் பிறந்ததும் பாய் ஹைவேயில் கடைகடையாக இறங்கி, தாளைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வேலைக்கு வருவார். திருப்பாத கடையில் தானே திருப்பிவிட்டு வருவாராம். மாதம் முடிந்தது. ஒரு போன் இல்லை, ஆள் இல்லை. டிசம்பர் பிறந்ததும் அவர் அந்தத் தாளைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றபோது தாளையும் லென்ஸையும் என் கையில் கொடுத்தார். யார் தப்பு மேலேயும் இதை வைத்துவிட்டுப் போய்விடாதே, பக்கத்தில் நில் என்றார். சில வருடம் கழித்து, பாய் போய்விட்டார் என்று கிருஷ்ணகிரியிலிருந்து சேதி வந்தது. நானும் சரஸ்வதியும் போனோம். மையத்தை அடக்கத்துக்கு எடுக்கிற வரைக்கும் வாசலில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

போன ஐப்பசியில், பாகலூர் ரோட்டில் என் வீட்டு வாசலில் நரைத்த தாடியோடு ஒருவன் வந்து நின்றான். ருக்குக்கா என்று கூப்பிட்ட பிறகுதான் சாதிக் என்று தெரிந்தது. நாக்பூர் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறானாம். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அங்கேயே. அத்தாவைப் பார்க்கலாம் என்று ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறான். வீட்டில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். கபர்ஸ்தானுக்குப் போய் நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அச்சகத்துக்கு வந்து, வாட்ச்மேனிடம் கேட்டு என்னிடம் வந்திருக்கிறான். இப்போதா வந்தாய், பாவி என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடப் போனேன்.

பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தேன். "இத நான் முன்னாடியே பாத்துருக்கேன்க்கா" என்றான். நாக்பூரில் நம் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு தமிழ் மெஸ். சுவரில் இந்தக் காலண்டர். கீழே நம் அச்சகத்தின் பெயரைப் பார்த்துக் கிட்டே போயிருக்கிறான். சோறு வருவதற்குள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மழ கையால போட்டதுன்னு பாத்ததும் தெரிஞ்சுது, அந்த எடத்துல ஒபேக் உதிர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்க்கா. அத்தா பாக்காம வுட்டுட்டாருன்னு நெனச்சேன். ஒரு மயிரு வுட்டதுக்கு என்ன அத்தன பேரு முன்னாடி நிக்கவெச்சாரே, இவுரு ஒரு ஆளு மேல மழையவே போடாம வுட்டுட்டாரேன்னு ஆத்திரமா வந்துச்சு. சாப்புடாம எழுந்துட்டேன். ஊருக்கு வரலாம்னு அந்த மாசந்தான் நெனச்சினு இருந்தேன். வரல."

கடவுளே. பார்த்திருக்கிறான். பாய் சொன்ன மாதிரியே பார்த்திருக்கிறான். அவர் கற்றுக்கொடுத்த கண்ணால் பார்த்ததால் தப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

நான் சொன்னேன். மழையைச் சுரண்டியது, மோரி சார் பக்கத்தில் உட்கார்ந்தது, ஞாயிற்றுக்கிழமை, பேனாவை நான் நீட்டியது, எல்லாம். அவன் நனைந்தது போதும் என்று பாய் சொன்னதைச் சொல்லும்போது என்னால் அவன் பக்கம் பார்க்கமுடியவில்லை. ஹைவே கடைகளில் அவர் தாளைத் திருப்பிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டான். கொடுத்தேன். பித்தளை வளையத்தைச் சட்டையில் துடைத்தான். சுமைக்காரப் பையன் மேல் வைத்துக் குனிந்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. நான் அடுப்படிக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தான். லென்ஸைத் தாளிலிருந்து எடுத்தான். எங்கள் பிரிவில் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டு நடந்த மாதிரியே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

நான் எழுந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"சாப்ட்டியாப்பா?" என்று கேட்டேன்.